15 விநாடி, 60 ஆண்டு

ஜப்பானியக் குயவர் ஷோஜி ஹமாதாவைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் கூடவே ஒரு கதையும் வந்துவிடும். மாஷிகோ ஊரில் இருக்கும் அவருடைய பட்டறைக்கு வந்த ஒருவர், ஹமாதா ஒரு பெரிய தட்டுக்குக் கிளேஸ் என்ற மேற்பூச்சை ஊற்றுவதைப் பார்க்கிறார். கரண்டியில் ஒரு அள்ளு, தட்டின் குறுக்கே ஒரு வீச்சு, மறுபடி ஒன்று. அவ்வளவுதான், தட்டு நகர்ந்துவிடுகிறது. இத்தனை பெரிய தட்டுக்கு 15 விநாடி வேலைதானா, மனம் நிறையவில்லையே என்று வந்தவர் சொல்ல, 15 விநாடியோடு 60 ஆண்டையும் கூட்டிக்கொண்டால் என்ன என்கிறார் ஹமாதா. 1913இல் டோக்கியோ தொழில்நுட்பக் கல்லூரியில் பீங்கான் படிக்கச் சேர்ந்ததிலிருந்து எண்ணினால் அவருடைய முதுமைக்காலக் கணக்கு சரியாகவே வருகிறது.

பதிலில் குறையில்லை. அது கைமாறிக் கைமாறி அடைந்திருக்கும் பொருள்தான் எனக்கு நெருடுகிறது. கை பழகப் பழக வேகம் வரும், ஆகவே வேகத்துக்குப் பின்னால் இருக்கும் பழக்கத்துக்கும் விலை கொடு என்று எல்லாத் தொழிலாரும் இதை எடுத்துச் சொல்கிறார்கள். பழக்கத்தால் வந்த வேகம்தான் ஹமாதாவின் பெருமை என்றால், அதே மாஷிகோவில் அவரைவிட வேகமான ஒரு கை இருந்தது. மினகாவா மாசு (1874–1960) என்ற பெண்மணி. எழுதப் படிக்கத் தெரியாதவர். சிறுமியாக இருக்கும்போதே தூரிகை பிடித்தவர். தேநீர்க் கெண்டிகளில் மலை, நீர், மரம், குடிசை என்று ஒரே இயற்கைக் காட்சியை ஒரு நாளைக்கு 500 முதல் 1,000 கெண்டிகள் வரை தீட்டித் தள்ளியவர். அவருக்கும் விநாடிக் கணக்குதான், அவருக்கும் 60 ஆண்டுக்கு மேல்தான். அப்படியானால் ஹமாதாவின் 60 ஆண்டு எதில் செலவானது? அவருடைய மண்ணையும் கல்லையும் சூளையையும் பார்க்காமல் இதற்கு விடை கிடைக்காது.

முதலில் அந்த 15 விநாடி

ஜப்பானியர் இந்த ஊற்று அலங்காரத்தை நகாஷிகாகே என்பார்கள். தட்டு அரை மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். வனைந்து, உலர்ந்து, சுமார் 700–800 டிகிரியில் முதல் சூடு கண்டிருக்கும். செங்கல்லைப் போல நீரை உறிஞ்சும் நிலை. அதில் முதல் கிளேஸை ஊற்றி, சுழற்றி, மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள். கிளேஸ் என்பது அரைத்த கல்லும் சாம்பலும் நீரில் மிதக்கும் குழம்பு. தட்டு நீரைக் குடித்துவிட, தூள் மட்டும் மேலே படிந்து நிற்கும். படிந்ததும் மேற்பரப்பின் ஈரப் பளபளப்பு மங்கும். அந்த மங்கல் தெரிந்த பிறகு, முழுதும் காய்வதற்கு முன்பு, இரண்டாவது கிளேஸ் விழ வேண்டும்.

முந்தினால் இரண்டும் கலந்து கோட்டின் ஓரம் கரைந்துவிடும். பிந்தினால் அடிப்பூச்சின் நுண்துளைகளில் காற்று நிறைந்திருக்கும். மேலே விழும் குழம்பின் நீர் உள்ளே போக, காற்று வெளியே வரத் துடித்துக் குமிழ்களாக வெடிக்கும், சூளையில் அவை ஊசித்துளைகளாக நிற்கும். அதைவிட மோசமானது, ஈரம் பட்ட அடிப்பூச்சு மறுபடி உப்பிக் காயும்போது தட்டை விட்டுத் தூக்கிக்கொள்வது. அப்போதைக்குக் கண்ணுக்குத் தெரியாது. சூளையில் உருகும்போது கிளேஸ் அந்த இடத்தை விட்டுச் சுருண்டு விலக, வெற்று மண் திட்டாகத் தெரியும்.

கரண்டியில் எடுக்கும் அளவும் ஒரு கணக்கு. வீச்சு முழுவதற்கும் போதவேண்டும், நடுவில் தீரக்கூடாது. ஊற்று தட்டின் விளிம்புக்கு வெளியே தொடங்கி, எதிர் விளிம்புக்கு வெளியே முடியவேண்டும். தட்டுக்குள் தொடங்கினால் முதல் சொட்டு திரண்டு குமிழாக நிற்கும். கை தயங்கிய இடத்தில் பூச்சு கனத்துவிடும். தட்டில் அந்தக் கனம் ஒரு குட்டையாகத் தேங்குவதோடு போய்விடும். ஜாடியின் பக்கவாட்டில் அதே தயக்கம் நேர்ந்தால் கிளேஸ் உருகி வழிந்து சூளைக்குள் இருக்கும் பலகையோடு ஒட்டிக்கொள்ளும், ஜாடியும் போகும் பலகையும் போகும். பிசகியதை அழிக்கவும் வழியில்லை. துடைத்தால் அந்த இடம் நனைந்து அடுத்த பூச்சைச் சரியாக உறிஞ்சாது. முழுதும் கழுவி, நன்றாகக் காயவிட்டுத்தான் மறுபடி தொடங்கவேண்டும்.

ஆக, அந்த 15 விநாடியை விதித்தது கிளேஸ். நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் ஊற்றினாலும் அதே 15 விநாடிக்குள்தான் ஊற்றியாகவேண்டும். 60 ஆண்டுப் பழக்கத்தை வேகத்தின் காரணமாகச் சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஹமாதாவின் ஆண்டுகள், கரண்டியை எடுக்கும் முன்பே முடிந்துவிட்ட வேலைகளில் இருக்கின்றன.

10,000 சோதனைகள்

அவர் பிறந்தது 1894இல். கல்லூரியில் அவருக்கு ஆசிரியர் இதாயா ஹசான், நுணுக்கமான பீங்கான் வேலைக்குப் பேர்போனவர். மேல்வகுப்பில் இருந்த கவாய் கான்ஜிரோ வாழ்நாள் நண்பரானார். படிப்பு முடிந்ததும் 1916இல் கியோட்டோ நகரின் பீங்கான் சோதனை நிலையத்தில், கவாய் ஏற்கெனவே வேலை பார்த்த இடத்தில், ஹமாதாவும் சேர்ந்தார். அங்கே இருவருமாகச் செய்து பார்த்த கிளேஸ் சோதனைகள் சுமார் 10,000 என்பார்கள். செலடான் என்ற இளம்பச்சை, செம்பிலிருந்து வரும் சிவப்பு, தென்மோகு என்ற கருப்பு எனச் சீன மரபின் கடினமான கிளேஸ்கள்.

கிளேஸ் சோதனை என்றால் என்னவென்று அறிந்தால்தான் இந்த எண்ணின் எடை புரியும். ஒரு கூட்டுப்பொருளின் அளவை மட்டும் ஒரு படி ஏற்றி, மற்றவற்றை அப்படியே வைத்து, சிறு ஓடுகளில் பூசி, எண் எழுதிச் சூளையில் வைத்து, வெந்தபின் வரிசையாக அடுக்கிப் பார்க்கவேண்டும். பிறகு அடுத்த பொருளில் ஒரு படி. பிறகு வெப்பத்தில், பிறகு சூளைக்குள் புகும் காற்றின் அளவில். நான்கு பொருள் சேர்ந்த ஒரு கிளேஸுக்கே இப்படி நூற்றுக்கணக்கான ஓடுகள் தேறும். முடிவில் கையில் இருப்பது, எந்த மண்ணிலும் எந்த நிறத்தையும் வரவைக்கும் அறிவு.

ஹமாதா அந்த அறிவை எடுத்துக்கொண்டு எங்கே போனார் என்பதுதான் இந்தக் கதையின் திருப்பம். நடுவே ஒரு பெரிய பயணம் இருக்கிறது. ஜப்பானில் மட்பாண்டம் கற்றுத் திரும்பவிருந்த ஆங்கிலக் குயவர் பெர்னார்ட் லீச்சுடன் 1920இல் இங்கிலாந்தின் கார்ன்வாலுக்குப் போய், செயின்ட் ஐவ்ஸ் ஊரில் பட்டறையும், மேற்கு நாடுகளின் முதல் ஜப்பானிய ஏறுசூளையும் கட்டினார். அந்தச் சூளை சரியாக வரவில்லை. பின்னர் ஜப்பானியக் குயவர் மட்சுபயாஷி சுருனோசுகே வந்து மூன்று அறைகளோடு புதிதாகக் கட்டிக்கொடுத்தார். 1923இல் ஹமாதாவின் பாண்டங்கள் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டன, விற்கவும் செய்தன. அந்தக் காட்சிகளைவிட டிச்லிங் கிராமத்தில் நெசவாளர் எத்தெல் மைரேயின் வீட்டைப் பார்த்ததுதான் அவருக்குள் ஆழமாக இறங்கியது என்று நினைக்கிறேன். தானே நூற்று, சாயமிட்டு, நெய்து, அந்த வேலையோடு ஒட்டியே நாட்டுப்புறத்தில் வாழ்ந்த ஒரு குடும்பம். உண்ணும் தட்டும் உடுத்தும் துணியும் இருக்கும் இடமும் ஒன்றுக்கொன்று பொருந்திய வாழ்க்கை.

1923 செப்டம்பரில் டோக்கியோவைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. ஹமாதா ஊர் திரும்பினார். கியோட்டோவில் கவாய் இருந்தார், சோதனை ஓடுகளின் அறிவு இருந்தது, லண்டனில் விற்ற பெயர் இருந்தது. பெரும் பீங்கான் கலைஞராகக் கியோட்டோவிலேயே உட்கார்ந்திருக்கலாம். 1924இல் அவர் போய்ச் சேர்ந்ததோ டோக்கியோவுக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டரில் இருந்த மாஷிகோ. டோக்கியோ அடுக்களைகளுக்குத் தண்ணீர்ச் சாடியும் அரைக்கும் கிண்ணமும் கெண்டியும் செய்து அனுப்பும் ஊர். தொழிலே 1853இல்தான் அங்கே தொடங்கியது, பழம்பெருமை என்று எதுவும் கிடையாது. மாணவனாக இருந்தபோது ஆசிரியர் இதாயாவின் வீட்டில் மாஷிகோக் கெண்டி ஒன்றைப் பார்த்திருந்தார். மலையும் நீரும் தீட்டிய கெண்டி, மினகாவா மாசு தீட்டிய அதே வகை. அந்த நினைவுதான் அவரை அந்த ஊருக்கு இட்டுச்சென்றது.

கல் ஒன்று, நிறம் இரண்டு

மாஷிகோவின் மண் முரடு. மணலும் இரும்பும் கலந்தது, குழைவு குறைவு. மெல்லியதாக இழுத்தால் சரிந்துவிடும், ஆகவே சுவர் தடிமனாகத்தான் வரும். நுணுக்கமான வரைவுக்கும் ஏற்றதல்ல, தூரிகை மணலில் இடறும். கியோட்டோவில் படித்த எவரும் முதலில் செய்யக்கூடியது, இந்த மண்ணில் வெள்ளைக் களியைச் சேர்த்துத் திருத்துவது. ஹமாதா அப்படிச் செய்யவில்லை. ஊர்க் குயவர்கள் பயன்படுத்திய அதே மண்ணை எடுத்துக்கொண்டார். கிளேஸிலும் அப்படித்தான். 10,000 சோதனை செய்தவர், ஊரில் வழக்கத்தில் இருந்த ஐந்தாறு கிளேஸ்களோடு நின்றுகொண்டார். பிற்காலத்தில் உப்புக் கிளேஸ் ஒன்றைச் சேர்த்துக்கொண்டதுதான் பெரிய விதிவிலக்கு.

அந்த ஐந்தாறில் ஒன்றைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். ஹமாதாவின் பாண்டம் என்றதும் கண்ணில் நிற்கும் பழுத்த செம்பழுப்புக்குக் காக்கி என்று பெயர், ஜப்பானிய மொழியில் அது ஒரு பழத்தின் பெயர். ஆஷினுமா என்ற இடத்துக் கல்லை இடித்துத் தூளாக்கி, நீரில் கரைத்து வடித்தால் காக்கி கிளேஸ் தயார். வேறு எதுவும் சேர்க்கத் தேவையில்லை. ஒரே கல் தனியாகவே கிளேஸாக உருகுவது அரிது. இந்தக் கல்லில் கண்ணாடியாகும் சிலிக்கா, அதைக் கெட்டியாக்கும் அலுமினா, உருகுவதை எளிதாக்கும் உருக்கிகள், இரும்பு எல்லாம் ஏறத்தாழப் போதிய அளவில் இயற்கையாகவே இருக்கின்றன. உருக்கிகள் மட்டும் சற்றுக் குறைவு. அந்தக் குறைவில்தான் நிறமே இருக்கிறது. உச்ச வெப்பத்தில் இரும்பு முழுதும் கண்ணாடிக்குள் கரைந்திருக்கும். சூளை மெல்ல ஆறும்போது அவ்வளவு இரும்பையும் அந்தக் கெட்டியான கண்ணாடியால் தாங்க முடியாமல், மேற்பரப்பில் செம்படிகங்களாக வெளியேறுகிறது. சூளை சீக்கிரம் ஆறிவிட்டால் படிகம் வளர நேரம் கிடைக்காது, நிறம் கருத்தே நின்றுவிடும். மின்சூளையில் காக்கியைச் செய்து பார்த்து ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஆறும் நேரத்தைத்தான் தவறவிடுகிறார்கள்.

அதே கல்லோடு மரச்சாம்பலைச் சேர்த்தால் கருப்பு வரும். சாம்பலில் இருக்கும் சுண்ணாம்பு கண்ணாடியை இளக்கி இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்துவைக்கிறது. ஒரே வாளியிலிருந்து எடுத்த கல், சாம்பல் சேர்ந்தால் கருப்பு, சேராவிட்டால் செம்பழுப்பு. ஹமாதா பல தடவை செய்தது இது: கருப்பை முதலில் பூசி, அதன்மேல் மெழுகால் வரைந்து, மேலே காக்கியை ஊற்றுவார். மெழுகு பட்ட இடத்தில் காக்கி ஒட்டாமல் வழிந்துவிடும். சூளையில் மெழுகு எரிந்துபோக, செம்பழுப்பு நிலத்தில் கருங்கோடுகள் எஞ்சும். இரண்டும் ஒரே கல்லின் பிள்ளைகள் என்பதால் சண்டை போடுவதில்லை. ஒன்று சுருங்கி மற்றதைத் தூக்குவதில்லை, ஓரங்களில் வெடிப்பு விழுவதும் அரிது.

வெள்ளைக்கு நுகா. இது நமக்கு நெருக்கமான பொருள், உமிச்சாம்பல். உமிச்சாம்பலில் சுமார் 90 விழுக்காடு சிலிக்கா. அத்தோடு மரச்சாம்பலும் ஃபெல்ஸ்பார் வகைக் கல்லும் ஏறத்தாழச் சமபங்கு சேர்ப்பது பொதுவான கணக்கு. சிலிக்கா மிகுந்துபோவதால் முழுதும் தெளிந்த கண்ணாடியாகாமல், நீர்த்த பாலைப் போன்ற வெண்மையோடு நிற்கும். மெல்லியதாகப் பூசினால் வெண்மை வராது, அடியிலுள்ள மண்ணின் நிறமே தெரியும். ஒரு மில்லிமீட்டருக்கு மேலாவது வேண்டும். கனத்துப் போனால் சுருண்டுகொள்ளும். மரச்சாம்பலை எத்தனை தடவை கழுவி வடிக்கிறோம் என்பதும் நிறத்தை மாற்றும், நீரில் கரையும் காரம் கழுவக் கழுவக் குறைந்துபோவதால். நுகாவில் செம்பைச் சேர்த்தால் ஊரார் செய்ஜி என்று சொல்லும் பச்சை. புதுச்சேரியில், ஜப்பானின் பிசென் ஊரில் தொழில் கற்ற டெபோரா ஸ்மித், ரே மீக்கரோடு சேர்ந்து 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் வழிவந்தவர்களுக்கு உயர்வெப்பப் பாண்டங்களின் இந்தச் சங்கடங்கள் புதியவை அல்ல.

இங்கேதான் ஹமாதாவின் ஆண்டுகள் இருக்கின்றன என்று சொல்ல வருகிறேன். அந்தக் கல் ஏன் சிவக்கிறது, ஏன் கருக்கிறது என்று ஊர்க் குயவருக்குக் கணக்காகத் தெரியாது. செய்தால் அப்படி வரும் என்பது தெரியும். ஹமாதாவுக்குக் கணக்கு தெரியும், அதை வைத்து நூறு நிறம் செய்யவும் தெரியும். செய்யாமல் இருப்பதற்கு ஒவ்வொரு நாளும் அவர்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஐந்து கிளேஸை மட்டும் அறிந்தவர் ஐந்தோடு நிற்பதும், பத்தாயிரம் அறிந்தவர் ஐந்தோடு நிற்பதும் ஒன்றாகாது. இரண்டாவது ஆளுக்கு ஆறாவது கிளேஸ் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

கரும்புத்தோகை

தன் தொழிலைப் பற்றி அவரே சொன்ன வாசகம் ஒன்று உண்டு: கியோட்டோவில் வழி கண்டேன், இங்கிலாந்தில் தொடங்கினேன், ஒகினாவாவில் கற்றேன், மாஷிகோவில் வளர்ந்தேன். கற்றது ஒகினாவாவில் என்கிறார், கல்லூரியில் என்று சொல்லவில்லை. 1924 டிசம்பரில் கிமுரா கசுவேயை மணந்தபின் இருவரும் ஒகினாவாவின் த்சுபோயா குயவர் தெருவில் சில மாதங்கள் தங்கினார்கள். அங்கே வயலில் காற்றுக்கு ஆடிய கரும்பைப் பார்த்து அவர் வரைந்ததுதான் பின்னர் அவருடைய கையெழுத்தைப் போல ஆகிவிட்ட கரும்புக்கோலம். நடுத்தண்டு ஒன்று, இருபக்கமும் வளைந்து விழும் தோகைகள், சில வீச்சுகளில் முடிந்துவிடும். 1920களில் தொடங்கி 1978 ஜனவரியில் இறக்கும் வரை அதையே தீட்டிக்கொண்டிருந்தார்.

தூரிகை நாய்முடியில் கட்டியது. கடையில் விற்கும் நேர்த்தியான தூரிகையைப் போல முனை கூராக நிற்காது. முரட்டு மண்ணில் கூர்முனை தேவையும் இல்லை. வரிசையாக ஹமாதாவின் கரும்புகளைப் பார்த்தால் எதுவும் அச்சாக மற்றொன்றைப் போல இராது. வேறுபடுத்த முயன்றதாகவும் தெரியாது. எதை வரைவது என்ற யோசனை அந்தக் கையிலிருந்து எப்போதோ விலகிவிட்டது. மாசுவின் மலையும் நீரும் அப்படித்தான். இந்த இடத்தில் இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் பத்து வயதில் கொடுக்கப்பட்ட கோலத்தோடு அங்கே உட்கார்ந்தார், மற்றவர் சுற்றிக்கொண்டு வந்து, தானே தேடி எடுத்த கோலத்தோடு உட்கார்ந்தார்.

சக்கரமும் அதே கதைதான். மின்சக்கரம் இருந்த காலத்திலும் ஹமாதா கோலால் சுழற்றும் கைச்சக்கரத்திலேயே வனைந்தார். சம்மணமிட்டு உட்கார்ந்து, சக்கரத்தின் ஓரக் குழியில் கோலை நுழைத்துச் சில சுற்றுத் தள்ளி, கோலை வைத்துவிட்டு மண்ணில் கை வைக்கவேண்டும். அந்த நொடியிலிருந்தே வேகம் குறையத் தொடங்கும். மண்ணை ஒரு மலையாகக் குவித்து, அதன் உச்சியில் மட்டும் ஒரு பிடியை நடுப்படுத்திக் கிண்ணம் எடுப்பார். நடு ஏறத்தாழ நடுதான், மயிரிழைத் துல்லியம் கிடையாது. மாஷிகோ மண்ணை நெடுநேரம் ஈரக்கையால் தடவவும் முடியாது, நீர் ஏறினால் சரிந்துவிடும். ஓடும் சக்கரத்துக்கும் சரியும் மண்ணுக்கும் இடையில் இரண்டு மூன்று இழுப்புக்கு மேல் இடமில்லை. அரையுலர்ந்த பின் அடிவட்டம் சீவும்போது மணல் கத்தியில் இழுபட்டுக் கோடு கிழிக்கும். அதை நீர் தொட்டு வழவழப்பாக்குவது எளிது, பலரும் செய்வார்கள். ஹமாதாவின் அடிவட்டங்களில் அந்தக் கிழிசல் அப்படியே நிற்கிறது.

பெரிய சூளை

ஒரு கருத்து அவருடையதாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது உண்டு. சிறிய சூளை என்றால் தன்னால் முழுக்கக் கட்டுப்படுத்த முடியும், ஆனால் அப்போது வெளிப்படுவது தன் சிறிய ஆற்றல் மட்டுமே. பெரிய சூளையின் முன்னால் தன் ஆற்றல் போதாமல் போகிறது, அந்தப் போதாமைக்காகவே தனக்குப் பெரிய சூளை வேண்டும் என்பது. கேட்க ஆன்மிகமாக இருக்கிறது. அவருடைய எட்டு அறை ஏறுசூளையை மனதில் வைத்துக் கேட்டால் தொழில்முறைப் பேச்சாகவே படுகிறது.

ஏறுசூளை மலைச்சரிவில் படிபடியாக ஏறும் அறைகளின் வரிசை. அடியிலுள்ள முதல் அடுப்பில் தீ மூட்டினால் சுடுகாற்று அறை அறையாக ஏறி மேலே போகும். முதல் அறை தேவையான வெப்பத்தை அடைந்ததும் அடுப்பை விட்டுவிட்டு, அந்த அறையின் பக்கத்துளைகள் வழியாகப் பிளந்த பைன் விறகைப் போடுவார்கள். அது முடிந்ததும் அடுத்த அறை. முந்தைய அறையின் வீணாகும் சூடே அடுத்த அறையை ஏற்கெனவே பாதி சூடாக்கியிருக்கும், இதுதான் இந்தச் சூளையின் சிக்கனம். இரவு பகலாக எரிக்கவேண்டும், 1,250 டிகிரிக்கு மேல் போகவேண்டும். விறகை மிகுதியாகத் திணித்தால் காற்றுப் போதாமல் புகையும். அந்தப் புகையில் நுகா நீலம் பாய்ந்துவரும், செம்பு சேர்ந்த பச்சையோ சிவந்தோ கலங்கியோ கெட்டுப்போகும். விறகைக் குறைத்தால் வெப்பம் ஏறாமல் நின்றுவிடும். ஒரே அறைக்குள் மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும், தீப்பக்கத்துக்கும் பின்சுவருக்கும் வெப்பம் வேறுபடும். ஆகவே எந்தக் கிளேஸ் பூசியது எங்கே நிற்கவேண்டும் என்று அடுக்குவதிலேயே பாதித் தொழில் இருக்கிறது. மீதிப் பாதியை அடுக்கி முடித்தபின் எவராலும் தொடமுடியாது.

இவ்வளவு பெரிய செங்கல் உடல் ஆறுவதற்கு நாள்கள் பிடிக்கும். காக்கிக்கு வேண்டிய மெதுவான ஆறுதலும் இதுதான். நிறத்துக்காகத் தனியே எதுவும் செய்யாமலே நிறம் வந்துவிடுகிறது. ஊர்க் கல், ஊர்ச் சூளை இரண்டும் ஒன்றையொன்று கண்டுபிடித்துப் பொருந்தியிருந்தன, ஹமாதா அந்தப் பொருத்தத்தைக் கலைக்காமல் அதற்குள் வந்து உட்கார்ந்தார். கியோட்டோவின் சிறு சோதனைச் சூளையில் ஒரு ஓட்டின் நிறத்துக்குக் காரணம் சொல்ல முடிந்தவருக்கு, ஆயிரக்கணக்கான பாண்டங்கள் நிறைந்த எட்டு அறைகளில் அப்படிச் சொல்ல முடியாது என்று தெரிந்தே இருந்தது.

அடியில் பெயரில்லை

செயின்ட் ஐவ்ஸில் இருந்தபோது பாண்டங்களில் முத்திரை குத்தியவர், ஜப்பான் திரும்பியபின் விட்டுவிட்டார். கேட்டவர்களுக்கு அவர் சொன்னதாக லீச் வழியாகப் பரவிய பதில், பிற்காலத்தில் தன் மோசமான பாண்டங்களை வேறு எவருடையதோ என்பார்கள், பிறருடைய நல்லவற்றைத் தன்னுடையது என்பார்கள் என்பது. 1925இல் கலைச் சிந்தனையாளர் யனாகி சோயெத்சு, கவாய், ஹமாதா மூவரும் மக்கள் கைவினை என்ற பொருளில் மிங்கெய் என்ற சொல்லை உருவாக்கினார்கள். பெயர் தெரியாத கைவினைஞர் அன்றாடப் பயன்பாட்டுக்குச் செய்ததில்தான் அழகு குடியிருக்கிறது என்பது யனாகியின் வாதம். 1936இல் டோக்கியோவின் கோமாபாவில் ஜப்பானிய மக்கள் கைவினை அருங்காட்சியகம் திறந்தது, யனாகி 1961இல் மறைந்தபின் அதன் இயக்குநர் ஹமாதாதான்.

ஆனால் பாண்டத்தின் அடியில் இல்லாத பெயர் அதை வைக்கும் மரப்பெட்டியின் மூடியில் இருந்தது, ஹமாதாவின் சொந்தக் கையெழுத்தில். 1955இல் அரசு அவரை வாழும் தேசியப் பொக்கிஷமாக அறிவித்தது, 1968இல் பண்பாட்டு விருதும் வந்தது. கவாய் இத்தகைய அரசுப் பட்டங்களை மறுத்துவிட்டவர். பெட்டியில் எழுதியதை நான் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். ஜப்பானியச் சந்தையில் பெட்டியில்லாத கலைக்கிண்ணம் எளிதில் விற்பதில்லை, பட்டறையில் பலருடைய சாப்பாடு அதை நம்பியிருந்தது. என் வருத்தம் வேறு. பெயரெழுதிய பெட்டிக்குள் போன தேநீர்க் கிண்ணம் பெரும்பாலும் பெட்டியிலேயே தங்கிவிடுகிறது. உமிச்சாம்பல் வெண்மையில் தேநீர்க் கறை ஏறி, விரிசல்களில் ஊறி, ஆண்டுக்கணக்கில் நிறம் மாறவேண்டிய பொருள், செய்த அன்றைய நிறத்திலேயே கண்ணாடிப் பேழைக்குள் நிற்கிறது. மாசு தீட்டிய கெண்டிகளில் பெரும்பாலானவை தேநீர் ஊற்றி ஊற்றி, அடுப்பில் ஏறி ஏறி உடைந்து மறைந்திருக்கும். ஹமாதா விரும்பியது எதுவோ அது மாசுவின் கெண்டிகளுக்குத்தான் முழுதாகக் கிடைத்தது.

அவர் இதை உணராதவர் என்று தோன்றவில்லை. இறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1977இல், மாஷிகோவில் தன் வீட்டுக் கட்டடங்களையே சங்கோகான் என்ற அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார். அங்கே நிறைந்திருப்பவை பல நாடுகளிலிருந்து அவர் சேர்த்த, யாரோ செய்த பொருள்கள். தன்னிடமிருந்து கற்ற சிமாவோகா தத்சுசோ தன்னைப் போலச் செய்வதை அவர் விரும்பவில்லை. சிமாவோகா கயிற்றை உருட்டிப் பதித்து, பதிந்த குழிகளில் வெண்களி நிரப்பும் தனி வழியைக் கண்டு, 1996இல் தானும் தேசியப் பொக்கிஷமானார்.

2011 மார்ச் நிலநடுக்கத்தில் ஹமாதாவின் பெரிய சூளை இடிந்தது. ஊர்க் குயவர்கள் சேர்ந்து அதைச் சீர்செய்து 2015இல் மறுபடி எரித்தார்கள். அறைகளை நிரப்பியவை பல பட்டறைகளிலிருந்து வந்த பாண்டங்கள். அவர் விரும்பியபடியே, எந்த ஒரு கையின் கட்டுப்பாட்டுக்கும் அடங்காமல் அந்தச் சூளை எரிந்தது.

அவருடைய பெரிய ஊற்றுத் தட்டு ஒன்று எங்காவது பார்க்கக் கிடைத்தால், முன்பக்கத்தின் வீச்சுகளைப் பார்த்து முடித்தபின் விளிம்பின் ஓரத்துக்கு வாருங்கள். கரண்டி உள்ளே நுழைந்த இடமும் வெளியேறிய இடமும் தெரியும், ஊற்று விளிம்பைத் தாண்டி வெளிப்பக்கம் சில துளிகளாக வழிந்து நின்றிருக்கும். தட்டைத் திருப்ப விடுவார்களானால் அடிவட்டத்தில் மணல் கிழித்த கோடுகளையும் பார்க்கலாம்.